காதைத் தொட விடாத குதிரை

கடிவாளத்தோடு ஆள் வருவதைப் பார்த்ததுமே தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும் குதிரையை, லாயத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் சந்தித்திருப்போம். உயரமான ஒருவரைக் கூப்பிடுவதுதான் வழக்கமான தீர்வு. அவர் ஒரு கையால் காதைப் பிடித்து இழுத்து, மறு கையால் பட்டையை மாட்டிவிடுவார். அன்றைய சவாரி நடந்துவிடும். மறுநாள் அதே குதிரை இன்னும் சீக்கிரமாக, இன்னும் உயரமாகத் தலையைத் தூக்கும். ‘அடம்’, ‘திமிர்’ என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். இந்த வேலையில் ஊறியவர்கள் அந்தப் பெயரை ஏற்க மாட்டார்கள். அந்தக் குதிரைக்கு எங்கோ வலிக்கிறது, அல்லது முன்பு வலித்திருக்கிறது. அதற்கு மேல், நம் கை திரும்பத் திரும்பத் தவறான நொடியில் விலகி, தலையைத் தூக்கினால் தப்பிக்கலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. முதலாவதை மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டாவதை நாம்தான் சரிசெய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நேற்றுவரை சும்மா நின்ற குதிரை திடீரென்று காதைத் தொட விடவில்லை என்றால் பயிற்சியைப் பற்றிய பேச்சே வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். காதின் ஆழத்தில் உண்ணி ஒட்டியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மடலின் உட்புறத்தில் வெள்ளையாக, செதில் செதிலாகப் படரும் திட்டுகள் இருக்கலாம். பாப்பிலோமா வைரஸால் வரும் இவற்றை ஒருவகைக் கருப்பு ஈக்கள் பரப்புகின்றன. பல குதிரைகள் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. சிலவற்றுக்குத் தொட்டாலே எரிச்சல். சுத்தம் செய்வதாக நினைத்து அந்தச் செதிலை நகத்தால் உரிப்பவர்கள், ஒன்றுமில்லாத காதைப் புண்ணாக்கி, பயத்தையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். காதின் அடியில் சார்காய்டு என்னும் தோல் கட்டி இருக்கலாம். கட்டிப்போட்டபோது மிரண்டு பின்னுக்கு இழுத்த குதிரைக்குக் காதுகளுக்குப் பின்னால் உள்ள உச்சிப் பகுதியில் உள்காயம் இருக்கலாம். சரியாகப் பார்க்க மயக்க ஊசி தேவைப்பட்டால் போட்டே பார்க்கட்டும். விழித்திருக்கும் குதிரையை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் காதுக்குள் விளக்கடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காதில் ஒன்றும் இல்லையென்றால் வாயைப் பார்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறிய ஓநாய்ப்பல், கன்னத்தைக் கிழிக்கும் கூரான பல் விளிம்பு, இளங்குதிரைகளில் ஆடிக்கொண்டிருக்கும் பால்பல் என்று பல காரணங்கள் இருக்கலாம். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுக்குள் குதிரைக்கு 24 பால்பற்கள் விழுகின்றன. பெரும்பாலும் அந்த வயதில்தான் முதல் கடிவாளத்தையும் மாட்டுகிறோம். வாய் புண்ணாக இருக்கும் நேரத்தில் ‘பிட்’ என்னும் வாய் இரும்பை அறிமுகம் செய்துவிட்டுக் குதிரையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சிக்கல் காதிலா, வாயிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. கடிவாளம் கண்ணில் படாதபோது, ஹால்டரோடு (பிட் இல்லாத, பிடித்து நிறுத்த மட்டும் மாட்டும் தலைக்கயிறு) நிற்கும் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே காதுவரை போய்ப் பாருங்கள். வெறும் கையை அனுமதித்துக் கடிவாளத்தைக் கண்டதும் தலை தூக்கினால் வாய், பிட், அல்லது கடிவாளத்தின் அளவு. வெறும் கைக்கே தலை ஏறினால் காது அல்லது உச்சி. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தக் காதை மீண்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கடிவாளத்தையே சந்தேகப்படவும் பலர் மறந்துவிடுகிறார்கள். நெற்றிப்பட்டை குட்டையாக இருந்தால் அது காதுகளுக்குப் பின்னால் போகும் தலைப்பட்டையை முன்னுக்கு இழுத்துக் காதின் அடிப்பகுதியில் அழுத்தும். சவாரி முழுக்க அந்த அழுத்தம் இருக்கும். மறுநாள் பட்டையைப் பார்த்ததும் குதிரைக்கு அது நினைவுக்கு வரும். நெற்றிப்பட்டைக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக ஓட வேண்டும், காதுக்குப் பின்னால் தோல் மடிந்து சிவந்திருக்கக் கூடாது. தொண்டைப்பட்டைக்கும் தாடைக்கும் நடுவே நான்கு விரல் அகலம் வேண்டும். மூக்குப்பட்டையின் கீழ், மூக்கெலும்பின் மேல், இரண்டு விரல் போக வேண்டும். அதே அளவைப் பக்கவாட்டில் சதைமேல் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே எவ்வளவு இறுக்கினாலும் விரல் போய்விடும். பிட்டின் வளையத்துக்கும் உதட்டோரத்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 மி.மீ. இருந்தால் போதும்.

காதை முறுக்கிப் பிடித்து அடக்கும் பழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும்: அதை நிறுத்த வேண்டும். மேலுதட்டில் கயிறு போட்டு முறுக்குவதையும் காதை முறுக்குவதையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வில், உதட்டுக் கயிறு போட்ட முதல் 5 நிமிடம் இதயத் துடிப்பு குறைந்தது. காதை முறுக்கியபோதோ துடிப்பும் மன அழுத்த ஹார்மோனும் ஏறின. அதாவது அந்தக் குதிரை அமைதியாகி நிற்கவில்லை. வலியிலும் பயத்திலும் உறைந்து நிற்கிறது. ஒரு ஊசி போடும் அரை நிமிட வசதிக்காக, பல மாத வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் பழக்கம் இது.

உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகு பயிற்சி. இடம் அமைதியாக இருக்கட்டும். பக்கத்துக் குதிரைகளுக்குத் தீனி போடும் நேரம் வேண்டாம். குதிரையை இறுக்கிக் கட்டக் கூடாது. கயிறு கையில் தளர்வாக இருக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நிற்கும் இடம் கழுத்தின் பக்கவாட்டு, தோளுக்குச் சற்று முன்னால். நெற்றிக்கு நேர் முன்னால் குதிரைக்குப் பார்வை கிடையாது. அங்கிருந்து திடீரென்று மேலே எழும் கை எந்தக் குதிரையையும் திடுக்கிட வைக்கும். அது தலையை வீசினால் நம் முகத்தில் இடிப்பதும் அங்கேதான். தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எட்டவில்லை என்று ஸ்டூல் மேல் ஏறாதீர்கள். எட்டவில்லை என்றால் தலை இறங்கவில்லை என்று அர்த்தம், முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

தலையை இறக்கக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தையல்ல. ஹால்டர் கயிற்றைத் தாடைக்குக் கீழே பிடித்து, கையின் கனம் மட்டும் தெரியும் அளவுக்குக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். இழுக்க வேண்டாம், காத்திருங்கள். ஒரு அங்குலம் தலை இறங்கியதும் உடனே தளர்த்துங்கள். இறங்கியபின் யோசித்துத் தளர்த்தினால் பலனில்லை. அதற்குள் தலை மறுபடி ஏறியிருக்கும், ஏறியதற்கே பரிசு கிடைத்ததாகிவிடும். நெற்றி, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டின் உயரத்துக்கு வந்து சில நொடி நிற்கும்வரை இதைச் செய்யலாம். தரையைத் தொடும்வரை இறக்கத் தேவையில்லை.

இனி காது. முதலில் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். கழுத்தின் நடுவில், குதிரைக்குச் சொரிந்தால் பிடிக்கும் இடத்தில் ஆரம்பித்து, பிடரி ஓரமாக மேலே போங்கள். ஏதோ ஓரிடத்தில் கண்ணிமை இறுகும், மோவாய் கெட்டியாகும், மூச்சு ஒரு கணம் நிற்கும், தலை ஒரு விரல்கடை உயரும். அதுதான் எல்லை. அதைத் தாண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், தாண்ட வேண்டாம். எல்லைக்குச் சற்று முன்பே கையை வைத்து, இரண்டு எண்ணும் நேரம் அசையாமல் இருந்து, குதிரை அமைதியாக நிற்கும்போதே கையை எடுங்கள். குதிரை விலகுவதற்கு முன் கை விலக வேண்டும். காது வேலையின் மையம் இதுதான். தலை உயர்ந்தபின் கையை எடுத்தால் தலை உயர்த்தியது வென்றது. அமைதியாக இருக்கும்போது எடுத்தால் அமைதி வென்றது. கை ஒன்றே, எடுக்கும் நொடிதான் வேறு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில தடவை தலை உயரும். அப்போது பிடிக்கவும் கூடாது, கையைப் பறித்துக்கொள்ளவும் கூடாது. கை லேசாக ஒட்டியபடியே கூடப் போகட்டும். தலை நின்ற நொடியில், அல்லது சற்றே இறங்கிய நொடியில் எடுங்கள். கூடப் போக முடியாத அளவுக்குத் தலை வேகமாகப் பறந்தது என்றால் நாம் அவசரப்பட்டிருக்கிறோம். அடுத்த தடவை ஒரு சாண் கீழே தொடங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகக் கையை நகர்த்தினால் குதிரை பயப்படாது என்று நினைக்கிறார்கள். இரையை நெருங்கும் பூனையின் நடை அது. குதிரைக்கு அதில்தான் அதிகச் சந்தேகம் வரும். வழக்கமாகத் தடவும் வேகத்தில், இயல்பாக மூச்சுவிட்டபடி, கை காதைக் கடந்து கன்னத்துக்குப் போகட்டும். காது வழியில் வரும் ஓர் இடமாக இருக்கட்டும், கை போய்ச் சேரும் இடமாக வேண்டாம். ஆரம்பத்தில் விரல்களைவிட முன்கையோ கையின் புறப்பக்கமோ நல்லது. அவற்றால் பிடிக்க முடியாது என்பது குதிரைக்குத் தெரியும். கடந்து போகும் கையை அது பொருட்படுத்தாத நிலை வந்தபின் காதின் அடியில் ஒரு நொடி, பிறகு மூன்று நொடி நிறுத்துங்கள். அடியிலிருந்து நுனிவரை மயிர் படிந்த வாக்கில் உருவுங்கள். பிறகு காதை உள்ளங்கையில் கிண்ணம்போல் ஏந்தி மெல்ல முன்னால் மடக்குங்கள், ஏனென்றால் கடிவாளம் மாட்டும்போது காது போகும் திசை அது. பின்னால் மடக்க வேண்டாம். உட்புற மயிரைக் கத்தரிக்காதீர்கள், ஈக்களைத் தடுப்பதே அதுதான். இரண்டு பக்கத்திலும் நின்று செய்யுங்கள். இடப்பக்கம் கற்றது வலப்பக்கத்துக்குத் தானாக வந்துவிடாது.

ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்வது, ஒரு மணி நேரம் தொடர்ந்து மல்லுக்கட்டுவதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

தீனி கொடுத்துப் பழக்குவது நல்ல உதவி, வரிசை சரியாக இருந்தால். முதலில் தொடுதல், தொட்டுக்கொண்டிருக்கும்போதே தீனி, பிறகு கை விலகல். தீனியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு காதைத் தொட்டால், இனிப்பைப் பார்த்ததுமே அடுத்து என்ன வரும் என்று குதிரை உஷாராகும். கொஞ்ச நாளில் தீனியையே மறுக்கும். இன்னொரு பொறி, அசையாமல் நிற்பதை அமைதி என்று எடுத்துக்கொள்வது. ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். சிலைபோல் நிற்கும் குதிரையின் தாடைக்கு உட்புறம் உள்ள நாடியில் 70 ஓடினால், அது பொறுத்துக்கொண்டிருக்கிறது, ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட குதிரைகள்தான் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கின்றன.

கை பழகியபின் கயிறு. தடிமனான பருத்திக் கயிற்றையோ மடித்த துண்டையோ கழுத்தின் மேல் போட்டு, உச்சிக்கு நகர்த்தி, காதுகளைத் தாண்டி முன்னால் எடுங்கள். தொட்டு விலகும் அதே விதிதான். அதன்பின் பிட் இல்லாத தலைப்பட்டை. அதன்பின்பே முழுக் கடிவாளம். அதையும் முதல் வாரங்களில் ஹால்டரைப் போலவே மாட்டலாம்: நெற்றிப்பட்டையைக் கழற்றிவிட்டு, இடப்பக்கக் கன்னப்பட்டையின் பக்கிளையும் அவிழ்த்து, தலைப்பட்டையைக் காதுகளுக்குப் பின்னால் கழுத்தின் மேல் வைத்து, பிட்டை வாயில் கொடுத்தபின் பக்கிளைப் போடுவது. காது மடங்கவே தேவையில்லை. இதைக் குறுக்குவழி என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். குதிரைக்குத் தினமும் வலிக்காமல் ஒரு சவாரி நடக்கிறது என்றால் அந்தக் குறுக்குவழி வாழ்நாள் முழுக்க இருந்தாலும் தப்பில்லை.

பிட்டைப் பல்லில் இடித்துத் திறக்க வைக்கக் கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கிறது. உதட்டோரமாகக் கட்டைவிரலை அங்கே வைத்தால் வாய் தானாகத் திறக்கும். குளிரில் இரும்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் கொடுங்கள். பிட் உள்ளே போனதும் தலைப்பட்டையைத் தொங்க விட்டுவிட்டுக் காதைத் தேடாதீர்கள். பட்டை தொங்கினால் பிட் சரிந்து பல்லில் தட்டும்.

மாட்டுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் கழற்றுவதில் யாரும் காட்டுவதில்லை, பாதிப் பயம் அங்கேதான் உருவாகிறது. மூக்குப்பட்டை, தொண்டைப்பட்டை இரண்டையும் முதலில் அவிழ்த்தாக வேண்டும். தலைப்பட்டையை இரு காதுகளையும் தாண்டிக் கொண்டுவந்ததும் நிறுத்துங்கள். பட்டையை அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு, குதிரை வாயைத் திறந்து பிட்டைத் தானே விடும்வரை காத்திருங்கள். சில நொடிகள்தான். அவசரத்தில் கீழே இழுத்தால் இரும்பு கீழ் முன்பற்களில் மாட்டும், குதிரை தலையை உதறும், பிட் இன்னும் சிக்கும். அந்த நாளின் கடைசி நினைவாக அதுவே தங்கும்.

லாயத்தில் பலர் கைமாறும் குதிரை என்றால், எல்லோரும் ஒரே முறையில் மாட்ட வேண்டும். ‘காதைப் பிடிக்காதே, பக்கிளை அவிழ்த்து மாட்டு, கழற்றும்போது காத்திரு’ என்று அதன் கொட்டில் கதவில் எழுதி வைப்பது பயன் தரும். ஒரே ஒருவர் பழைய வழியில் காதைப் பிடித்தால் ஒரு வார வேலை பின்னால் போகும். காதுக்கு மருந்து போட நேர்ந்த நாட்களுக்குப் பிறகு, பட்டையை நேரே மாட்டாமல், வெறும் கையால் கழுத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலான குதிரைகள் பழைய இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிடும். வரவில்லை என்றால் காதில் புண் இன்னும் ஆறவில்லை. கடிவாளத்தைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு மருத்துவரை அழையுங்கள்.