தம்பியை எஃப்நிர்ஸ் ஆராய்ச்சிக்கு அழைத்துப்போனது

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), சில வருடமாக மாத்திரையில் நிலையாக இருக்கிறான். பெங்களூருவில் நாங்கள் பார்க்கும் டாக்டர், எஃப்நிர்ஸ் (தலையில் ஒளி செலுத்தி மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் முறை) ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், விருப்பம் இருந்தால் போங்கள் என்றார். எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்கச் சொன்னால் இவன் எழுந்து ஓடிவிடுவான். இதில் படுக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தால் தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் "தலைக்குள்ள லைட் அடிப்பாங்களா?" என்று அவன் கேட்டதும் எனக்குப் பக்கென்றது, ஏனென்றால் தன் எண்ணங்களை யாரோ வெளியிலிருந்து படிக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய பழைய பயமே. ஒப்புதல் படிவம் வாங்கிய பெண் அவசரப்படவில்லை. அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளி, மண்டையோட்டைத் தாண்டி மூளையின் மேற்பரப்பு வரைதான் போகும், ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் அதை வேறு வேறு அளவில் உறிஞ்சுவதால் எங்கே ரத்தம் கூடுகிறது என்று மட்டும் தெரியும், என்ன நினைக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார். வேண்டாமென்றால் பாதியில் எழுந்து போகலாம் என்றும் சொன்னார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டான்.

தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள். கறுப்பு முடி ஒளியை விழுங்கிவிடும், ஒவ்வொரு சென்சாருக்கும் கீழே முடியை விலக்கிவிட்டே அவர்களுக்குப் பாதி நேரம் போனது.

வேலை சுலபம். முதலில் அ, இ, உ, எ, ஒ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் (வாய் அசைவால் வரும் மாற்றத்தைக் கழிக்க), அப்புறம் 'க'வில் தொடங்கும் சொற்கள், 'ப'வில் தொடங்கும் சொற்கள். கன்னடமா இங்கிலீஷா என்றுதான் முதலில் கேட்டார்கள். இவன் படித்ததெல்லாம் தர்மபுரியில், தமிழில்தான் வரும் என்று நான் பிடிவாதமாக நின்றதும் சேலத்துக்கார மாணவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். இதைப் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ரிப்போர்ட் தரமாட்டார்கள். ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்குச் சொல் தேடும்போது நெற்றிப் பக்கத்து மூளையில் ரத்த ஓட்டம் சராசரியாகக் குறைவாகத்தான் கூடுகிறதாம், ஆனால் மனச்சோர்விலும் அது குறையும், அதனால் ஒருத்தருடைய ரத்த ஓட்ட வரைபடத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 2014 முதல் இதற்கு இன்ஷூரன்ஸ் உண்டு, அதுவும் மனச்சோர்வைப் பிரித்தறிய ஒரு துணையாக மட்டும்.

இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், எங்கள் அம்மா இன்னும் ரிப்போர்ட் எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.