பின்கதவு தேடிய கதை: ஒரு ஹெரால்டு நாட்குறிப்பு

ஜனவரி 7, 2024, ஞாயிறு

இன்ஜின் ஓடுகிறது. பெயின்ட் முடிந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "வண்டி ரெடி போல" என்கிறார்கள். கதவைத் திறந்து காட்டினால் பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே வெறும் தகரம்.

வண்டி 1970 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் த்ரீ கார், நான்கு கதவு. வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த தொழிற்சாலையில் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. 1959-ல் வந்தது, உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. அங்கே அந்த சலூன் வகைக் கார் கடைசிவரை இரண்டு கதவு வண்டிதான். குடும்பத்தோடு போகிற நம் ஊருக்கு அது ஒத்துவராது என்று நான்கு கதவு போட்டது இங்கே, மெட்ராஸில்.

என் தலைவலியும் அங்கேதான் தொடங்குகிறது. ஹெரால்டுக்கு என்ன சாமான் வேண்டும் என்றாலும் இங்கிலாந்தில் கிடைக்கும், ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பின்கதவு என்ற ஒன்றே இல்லாத வண்டிக்குப் பின்கதவு டோர் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் பலகை, யார் செய்து வைத்திருப்பார்கள்? முன்கதவுக்கும் அதே கதிதான். இரண்டு கதவு இருந்த இடத்தில் நான்கு வந்ததால் முன்கதவின் நீளம் குறைந்துவிட்டது. அவர்கள் பேட் நம் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஜனவரி 10, புதன்

இன்று முன்பக்க இடது டோர் பேடைக் கழற்றினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றாமல் விட்டது இது ஒன்றைத்தான். மற்ற கதவுகளுக்கெல்லாம் ப்ளைவுட் வெட்டி, பூப்போட்ட ரெக்சின் ஒட்டிவிட்டார்.

முதல்முறை கழற்றுகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். கண்ணாடி இறக்கும் ஹேண்டிலில் ஸ்க்ரூ தெரியாது. ஹேண்டிலுக்கு அடியில் இருக்கிற வட்டத் தகட்டை உள்பக்கமாக அமுக்கிப் பிடித்தால், கழுத்தில் குறுக்கே ஒரு சின்ன பின் தெரியும். மெல்லிய கம்பியால் தட்டினால் அது வெளியே வந்துவிடும். இது தெரியாமல் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பி, பேடையும் கிழித்து ஹேண்டிலையும் உடைத்த வண்டிகள்தான் ஊரில் அதிகம்.

பேடுக்குள் இருப்பது ஹார்ட்போர்டு. கீழ் ஓரம் ஊறி அப்பளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் கண்ணாடியோரம் வழிந்து கதவுக்குள்ளே இறங்குவது இயல்பு, அது கீழே இருக்கிற ஓட்டை வழியாகப் போய்விடவேண்டும். தகரத்துக்கும் பேடுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் இருந்தால் போர்டு நனையாது. யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருக்கிறார். ஐம்பது வருஷப் பேடுகள் சாவது வயசாலே இல்லை, இப்படித்தான்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

காலையில் தெருவெல்லாம் புகை. ஷெட்டில் கிடந்த பூப்போட்ட ப்ளைவுட்டை என் மனைவி எடுத்து வந்து, "இதையாவது போட்டுடலாமா?" என்று கேட்டாள். தாராளமாகப் போடச் சொன்னேன். அப்புறம் ரெக்சின் எரிந்தால் வரும் நாற்றம் ஞாபகம் வந்து, ரெக்சினை உரித்துவிட்டுப் பலகையை மட்டும் போட்டோம். ஊறிப்போன அந்த ஒரிஜினல் பேடை பீரோ மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். அவள் கண் அதன் மேலேயும் இருக்கிறது.

ஜனவரி 20, சனி

புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் கதவு, பம்பர், சீட், ஸ்டீயரிங். பழைய வண்டி என்று கேட்டதுமே அம்பாசிடரும் பத்மினியும் வரும். இரண்டும் நேற்றுவரை ரோட்டில் ஓடியவை. பத்மினி 2000 வாக்கு வரைக்கும், அம்பாசிடர் 2014 வரைக்கும் தயாரானது. ஹெரால்டுக்குப் பின்னால் வந்த கெஸல்கூட 1977-லேயே நின்றுவிட்டது. வெட்டவேண்டியதையெல்லாம் எப்போதோ வெட்டி முடித்துவிட்டார்கள்.

ஒரு கடையில் பத்மினி ஹேண்டிலை நீட்டி, "போட்டுக்கோங்க சார், பொருந்திடும்" என்றார்கள். பொருந்தும், அராவி எடுத்தால் எதுவும் எதற்கும் பொருந்தும்.

இரும்புக்கடை நடத்தும் பெரியவர் ஒருவர் மட்டும் கேள்வியே கேட்டார். "டூ டோரா, ஃபோர் டோரா தம்பி?" எனக்கு உயிர் வந்தது. "ஃபோர் டோர் பாய்" என்றேன். சிரித்தார். "அதெல்லாம் வெட்டினது எங்க அத்தா காலத்துல. அப்ப ஒரு சீட்டுக் கம்பிக்குக்கூட ஆள் கிடையாது, கிலோ கணக்குல போட்டோம்." பரணில் ஆளை ஏற்றித் தேடச் சொன்னார். பின்சீட் ஆஷ்ட்ரே மூடி இல்லாமல் வந்தது. சன் வைசர் ஒன்று கம்பியோடு வந்தது, துணி போயிருந்தாலும் கம்பியின் வளைவு என் வண்டிக்கானதுதான். இரண்டுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய். பேரம் பேச மனசு வரவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்ன விஷயம்தான் இன்றைய லாபம். தேவகோட்டையில் ஒரு வீட்டு ஷெட்டில் ஹெரால்டு ஒன்று நிற்கிறதாம், வெள்ளை, நான்கு கதவு. யார் கேட்டும் கொடுக்கவில்லையாம்.

ஜனவரி 27, சனி

தேவகோட்டை. வீட்டின் நீளம் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை. பின்பக்கம் கார் ஷெட். வண்டி செங்கல் மேல் நிற்கிறது. ஷெட் ஓடு சரிந்து முன்கண்ணாடி போயிருக்கிறது, முன்சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. ஆனால் பின்பக்கத்தில் வெயிலும் படவில்லை, மழையும் படவில்லை. இரண்டு பின்கதவுப் பேடும் அப்படியே இருக்கின்றன. சாம்பல் நிறம், செங்குத்தாக வரிகள், மேலே மெல்லிய க்ரோம் பட்டை. பிள்ளைகள் வெளிநாடு போனதும் அந்தப் பக்கம் உட்கார ஆளில்லை என்று அந்த வீட்டு ஆச்சி சொன்னார்.

பேடுகளையும் ஹேண்டில்களையும் மட்டும் கொடுப்பீர்களா, என்ன விலை சொன்னாலும் சரி என்று கேட்டேன்.

"எடுக்கிறதுன்னா முழுசா எடுத்துட்டுப் போங்க தம்பி. கையைத் தனியா காலைத் தனியா நான் குடுக்கமாட்டேன்."

முழுசாக எடுப்பதற்கு அவர் சொன்ன விலை நியாயமான விலைதான், என்னால் கொடுக்கவும் முடியும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹெரால்டுக்குச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். துருப்பிடித்தால் முதலில் போவது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். இதிலும் அவை போய்விட்டன. நடுவே ஓடும் இரண்டு பெரிய சட்டங்களைச் சுத்தியால் தட்டினால் 'டங்' என்று கேட்கிறது. இதைப் பிழைக்க வைக்கலாம்.

பழைய வண்டிக்காரர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒன்றை வெட்டினால் இன்னொன்று முழுசாகும், கணக்கு சரிதானே என்பார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. ஓட வைக்கக்கூடிய நான்கு கதவு ஹெரால்டை ஒரு ஜோடி பேடுக்காகக் கட்டிங்குக்கு அனுப்பினால், நான் செய்வதற்கும் காயலான் கடைக்காரர் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அவராவது ரெஸ்டோரேஷன் என்று பெயர் வைக்கமாட்டார்.

ஆச்சியிடம் வேறொன்று கேட்டேன். கழற்றி, அளவெடுத்து, திரும்ப மாட்டிவிடட்டுமா? அதற்குத் தடை சொல்லவில்லை. காப்பி வந்தது, அப்புறம் பலகாரம் வந்தது, அப்புறம் ஒரு நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார்.

ஜனவரி 28, ஞாயிறு

நேற்று இருட்டும்வரை வேலை. தையற்காரர்கள் வைத்திருக்கிற பழுப்புக் காகிதத்தில் பேடின் முழு உருவத்தையும் வரைந்தேன். கிளிப் ஓட்டைகள், ஹேண்டில் ஓட்டை, வரிகளுக்கு இடையே உள்ள தூரம், ரெக்சின் பின்பக்கம் எத்தனை அங்குலம் மடிந்திருக்கிறது, எல்லாம் குறித்தாகிவிட்டது. கதவின் பின்னோரம் சக்கர வளைவுக்காகச் சாய்ந்து வளைகிறது. அந்த வளைவை ஸ்கேல் வைத்து எடுக்கமுடியாது, காகிதத்தை அழுத்தித் தேய்த்துத்தான் எடுத்தேன்.

வரிகளைத் தொட்டுப் பார்த்ததும்தான் அடுத்த பிரச்சினை புரிந்தது. தையல் இல்லை. நூலே கிடையாது. ரெக்சினைச் சூட்டில் அமுக்கி ஒட்ட வைத்த வரிகள். தையல் மெஷினில் ஓட்டினால் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும், கிட்டே வந்தால் பல் இளிக்கும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஹேண்டில்களை இங்கிலாந்திலிருந்தே வரவழைக்கிறேன். இரண்டு கதவானாலும் நான்கு கதவானாலும் அது ஒன்றுதான். பழையதற்கு க்ரோம் போடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். உள்ளே இருப்பது இரும்பில்லை, துத்தநாகக் கலவை வார்ப்பு. மேலே புள்ளிப் புள்ளியாக வெடித்திருப்பது அந்த உலோகமே அரித்துப்போனதால். ஆசிட் தொட்டியில் போட்டால் மிச்சமும் கரையும். குழிகளை அடைத்து, முதலில் செம்பு, அப்புறம் நிக்கல், கடைசியில் க்ரோம் என்று பொறுமையாகச் செய்கிற ஆள் வேண்டும். பம்பர் முலாம் போடுகிற இடத்தில் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

ஸ்பீடோமீட்டர் மட்டும் அங்கிருந்து வேண்டாம். அது மைல் காட்டும். என் டயல் மங்கலாக இருந்தாலும் கிலோமீட்டர் காட்டுகிறது.

எதிர்த்திசையிலும் சாமான் போயிருக்கிறது. ஸ்டாண்டர்ட் கம்பெனி கடைசியாகச் செய்த ஸ்டாண்டர்ட் 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் தம்பி. தொழிற்சாலை மூடி வருஷக்கணக்காகிக் கிடந்த அதன் உதிரிப் பாகங்களை 2006-ல் இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். வண்டலூரில் தேடினால் கிடைக்காதது அவர்கள் ஊரான லிங்கனில் கிடைக்கும் நிலை.

பிப்ரவரி 11, ஞாயிறு

நண்பர் ஒருவர் வந்தார். எதற்கு இந்தப் பாடு, சட்டமே கேட்கவில்லையே என்றார். உண்மைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி, ஐம்பது வயது தாண்டிய கார் 'விண்டேஜ்' பதிவுக்குப் போகலாம், நம்பரில் 'விஏ' என்று வரும். அதற்கு சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. டோர் பேடைப் பற்றி அதில் பேச்சில்லை. அந்தப் பதிவு எனக்கு வேண்டியதுமில்லை. அதை வாங்கினால் கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுக்கலாமே தவிர, தினம் ஓட்டமுடியாது. எனக்கு மாம்பலம் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும்.

பிப்ரவரி 17, சனி

ராயப்பேட்டைப் பக்கம் குஷன் கடை. சீட் வேலையை இங்கே கொடுத்துவிட்டேன். பழைய சீட்டுக்குள் இருந்தது ரப்பர் கலந்த தேங்காய் நார். ஃபோம் போட்டால் மூன்று மாதத்தில் அமுங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்று மாஸ்டரே சொன்னார். மெத்தைக் கடையில் ரப்பர் நார் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் ஒரிஜினலுக்கு மாற்றுத் தேட வேண்டியதே இல்லை, இன்னும் விற்கிறார்கள்.

பேடுக்கான ரெக்சின் அப்படி இல்லை. இப்போது வருவதற்கு முதுகில் ஸ்பாஞ்சு, மேலே பளபளப்பு. நமக்கு வேண்டியது துணி முதுகு, மங்கல் மினுமினுப்பு. கடையின் மாடியில் பாதி ரோல் ஒன்று கிடந்தது. சாம்பல் நிறம், ஒரு சாயல் நீலம் தூக்கல். எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, சனி

வரிகளுக்கு வழி கிடைத்தது, கார் உலகத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில். பாரிமுனைப் பக்கம் பி.வி.சி. ஃபைல், டைரி அட்டை செய்கிற சின்னப் பட்டறை. அட்டையின் ஓரங்களை ஒட்ட அவர்கள் வைத்திருப்பது உயர் அதிர்வெண் வெல்டிங் மெஷின், 27.12 மெகாஹெர்ட்ஸ். பித்தளை அச்சை வைத்து அமுக்கினால், அச்சு பட்ட இடத்தில் பி.வி.சி. உள்ளிருந்தே சூடாகி உருகி ஒட்டிக்கொள்ளும். அறுபதுகளில் டோர் பேட் செய்ததும் இதே முறைதான். என் காகித அளவைக் காட்டி, பித்தளைப் பட்டையில் அச்சு செய்து கொடுத்தால் போடுவீர்களா என்று கேட்டேன். முதலாளி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை ஆயிரம் பீஸ் சார்?" என்றார்.

நான்கு பீஸ் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீ செலவானது.

மார்ச் 9, சனி

பேடுகள் மாட்டியாகிவிட்டன. ஹார்ட்போர்டுக்கு இரண்டு பக்கமும் வார்னிஷ், பின்னால் பிளாஸ்டிக் தாள். பின் இடது கதவில் மட்டும் ஹேண்டில் சுற்றும்போது பேடில் உரசியது. வட்டத் தகட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் அளவுக்கு மீறிப் பலமாக இருந்தது, மாற்றியதும் சரியானது. நிறத்தில் அந்த நீலச் சாயல் வெயிலில் தெரிகிறது. பீரோ மேல் இருந்த பழைய பேடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்கமுடியும். புதிதைப் பழசாக்குகிறேன் என்று டீத்தூளும் சாயமும் பூசுகிற வேலையெல்லாம் நான் செய்யப்போவதில்லை.

போட்டோவை ஆச்சி வீட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவருடைய பேரன் வெளிநாட்டிலிருந்து பேசினார். ஷெட் வண்டியை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். சித்திரையில் ஊருக்கு வரும்போது வேலையைத் தொடங்கவேண்டும், சேசிஸ் கைகளை யார் செய்து தருவார்கள், முன்கதவுப் பேடுக்கு அச்சு இருக்கிறதா என்று கேட்டார். அச்சு பாரிமுனையிலேயே இருக்கிறது, அளவுக் காகிதம் என்னிடம் இருக்கிறது என்றேன். பதிலுக்கு அவரிடம் ஒன்று கேட்டேன்: பின்சீட் ஆஷ்ட்ரே மூடி, இருந்தால் அளவெடுக்க மட்டும்.

இருக்கிறதாம்.