கிரீட் தீவில் அத்தானின் கள ஆய்வு

ஓய்வுபெற்ற பொறியாளரோடு பழைய கட்டடங்களைப் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று யாராவது முன்பே எழுதிவைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். எங்கள் அத்தான் பொதுப்பணித் துறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். கிரீஸின் மிகப் பெரிய தீவான கிரீட்டுக்கு நானும் அக்காவும் சுற்றிப்பார்க்கப் போனோம். அவர் மேற்பார்வையிட வந்தார்.

ஹெராக்லியோன் நகரிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே க்னோசாஸ் அரண்மனைக்குப் போய்விடலாம். வெண்கலக் காலத்தில் கிரீட்டில் செழித்த மினோவன் நாகரிகத்தின் தலைமை இடம். காளைத் தலை கொண்ட மினோட்டாரை அடைத்துவைத்த மாயச் சுழல்மாளிகை இதுதான் என்று கதை உண்டு. மேலே பருத்துக் கீழே சிறுத்த சிவப்புத் தூண்களை ஒரு சுற்றுலாக் குழு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் மட்டும் கயிற்றுக்கு வெளியே நின்றபடி கழுத்தை நீட்டி ஒரு விரிசலையே உற்றுப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, இது கான்கிரீட்.”

அவர் சொன்னது சரிதான். 1900இல் இங்கே தோண்டத் தொடங்கிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், அடித்தளத்தையும் உடைந்த சுவர்களையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மாடி, தூண், படிக்கட்டு என்று பலவற்றைத் தன் ஊகப்படி மீண்டும் எழுப்பினார். 1920களில் கம்பி கட்டிக் கான்கிரீட்டே போட்டுவிட்டார். தொல்லியல் அறிஞர்கள் பலர் இதற்காக அவரை இன்றுவரை கரித்துக்கொட்டுகிறார்கள். இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கும் வயதாகி, அதையும் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது.

“கம்பியை மூடும் கவர் கான்கிரீட் போதவில்லை” என்று அத்தான் தீர்ப்பு வழங்கினார். எவன்ஸ் 1941இலேயே காலமாகிவிட்டதால் விளக்கம் கேட்க வழியில்லை.

அரியணை அறைக்கு நீண்ட வரிசை. நானும் அக்காவும் நின்றோம். அத்தானைக் காணவில்லை. தேடிப் போனால், வெயிலில் ஓர் ஓரமாகக் குந்தியிருந்தார். அவர் முன்னால் சுடுமண் குழாய்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகி, அடுத்ததன் வாய்க்குள் செருகிக்கொள்ளும். குறுகும் இடத்தில் தண்ணீருக்கு வேகம் கூடும், வண்டல் தங்காது என்று விளக்கினார். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய குழாய். “ஜாயின்ட்டைப் பார், ஜாயின்ட்டைப் பார்” என்று குரல் தழுதழுத்தார். தன் மகள் திருமணத்தில்கூட அவர் இவ்வளவு நெகிழ்ந்ததில்லை. ஒரு மனிதர் இப்படிக் கண்கலங்கிக் குந்தியிருக்கிறாரே, ஏதோ முக்கியமான இடம்போல என்று நினைத்து அவருக்குப் பின்னால் நாலைந்து வெள்ளைக்காரர்கள் கேமராவோடு வரிசை கட்டிவிட்டார்கள்.

ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இன்னொரு வேடிக்கை. குங்குமப்பூ பறிப்பவரின் சுவரோவியம் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. எவன்ஸ் காலத்தில் அதை நீல நிறச் சிறுவன் ஒருவன் பூப்பறிப்பதாக இட்டு நிரப்பி முடித்தார்கள். பிறகு வந்தவர்கள் கவனமாகப் பார்த்தபோது வால் தெரிந்தது. சிறுவன் அல்ல, குரங்கு. “பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று சும்மாவா சொன்னார்கள்” என்றாள் அக்கா. அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது.

சாப்பாட்டில் மட்டும் அத்தானுக்குக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. முயற்சி செய்தார். டாகோஸ் என்று ஒன்று தருகிறார்கள். இரண்டு முறை சுட்ட பார்லி ரொட்டி, கருங்கல் ஜல்லிக்குச் சமம். அதன்மேல் துருவிய தக்காளியும் உதிர்த்த மிசித்ரா பாலாடைக்கட்டியும் போட்டு ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். முதல் கடியில் அத்தானின் தாடை நின்றது. இரண்டு நிமிடம் ஊறவிட்ட பிறகு தட்டு நின்ற இடம் தெரியவில்லை. மலைச்சரிவில் பறித்த காட்டுக் கீரைகளை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தருவது அக்காவுக்கு மிகவும் பிடித்தது. ரோஸ்மேரியும் வினிகரும் சேர்த்து வறுத்த நத்தையை நான் மட்டும் சாப்பிட்டேன். இருவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். பில்லோடு கேட்காமலே சின்னக் குப்பியில் ராக்கி என்னும் திராட்சைச் சாராயம் வந்தது. பணம் கிடையாது, மறுக்கவும் விடமாட்டார்கள். அத்தான் பணிவாக நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றார். கடைக்காரப் பெரியவரும் அதே பணிவோடு நெஞ்சில் கைவைத்துவிட்டு ஊற்றினார். அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா மலையைப் பார்த்தாள்.

பிறகு சமாரியா பள்ளத்தாக்கு. வெள்ளை மலைகளில் 1,200 மீட்டருக்கு மேலுள்ள சைலோஸ்காலோவில் இறங்கத் தொடங்கி, 16 கிலோமீட்டர் நடந்தால் லிபியக் கடலோரம். உள்ளே யாரும் சிக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்ய, நுழைவுச் சீட்டை வெளியேறும்போதும் காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டை அத்தான் மனதாரப் புகழ்ந்தார். முழங்கால் வலியெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வழியில் கட்டியிருந்த கோவேறு கழுதைகள் அடிபட்டவர்களைச் சுமக்க என்று தெரிந்ததும், ஏறத் தகுதியாக எவ்வளவு அடிபட வேண்டும் என்று விசாரித்தார். சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பாறைகள் இருபுறமும் நெருங்கி, நடுவே நாலு மீட்டர்கூடத் தேறாத ‘இரும்புக் கதவுகள்’ என்னும் இடுக்கில் நின்று அண்ணாந்து பார்த்தார். “இதற்கு யாரும் எஸ்டிமேட் போட முடியாது” என்றார். அவர் அகராதியில் இதற்குமேல் பாராட்டு கிடையாது.

பள்ளத்தாக்கு முடியும் அகியா ரூமேலிக்குச் சாலையே இல்லை. படகேறி ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கு வந்தோம். அங்கே மெல்லிய அப்பத்துக்குள் பாலாடைக்கட்டி வைத்து மேலே தேன் ஊற்றித் தந்தார்கள், நம் போளிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதை முடித்துக்கொண்டு சானியா பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின் இருக்கைகளில் உட்கார்ந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பார்த்தால், வழிகாட்டிப் பலகைகளில் எல்லாம் ஓட்டை.

“காற்று அழுத்தம். பலகை சாய்ந்துவிடாமல் இருக்க விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பேனரில் ஓட்டை போடுவதில்லையா, அது மாதிரி” என்று அத்தான் விளக்கினார். நானும் அக்காவும் தலையாட்டினோம். இவர் பலகையைக் கைகாட்டிப் பேசுவதைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், ஒரு கையை வெளியே நீட்டி, ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி, “டும், டும்” என்று சிரித்தார். ஸ்ஃபாக்கியா என்னும் இந்த மலைப்பகுதியில் துப்பாக்கிப் பழக்கம் பழைய சங்கதியாம். குறி பழக இந்தப் பலகைகள்தான் வசதியாம்.

அத்தான் சிறிது நேரம் வெளியே பார்த்தார். பிறகு, “மாப்பிள்ளை, உனக்குத்தான் இயற்கைக் காட்சி பிடிக்குமே” என்று சன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார்.