சேத்துப்பட்டுப் பக்கம், மெழுகுவத்தி ஊற்றும் வீடு

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், ஆரணி வழியாகச் சேத்துப்பட்டு போகலாம். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்ததில் இந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனால் நான் பேசிய பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் தாரஸ் எழுப்பிய லூர்து மாதா கோயிலைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். நானும் அதற்காகத்தான் போனேன். அப்புறம் பக்கத்துக் கிராமத்தில் மெழுகுவத்தி ஊற்றும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை எழவில்லை.

அது அக்டோபர் மாதம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அன்றைக்கு ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி எரியும் என்பதால் அந்த வீட்டில் அம்மா, மகள், மருமகள் எல்லோருக்கும் கை நிறைய வேலை. பாரஃபின் என்ற மெழுகுக் கட்டியை உடைத்துச் சட்டியில் போட்டு, அந்தச் சட்டியைக் கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்து உருக்குகிறார்கள், ஏனென்றால் நேரடித் தீயில் வைத்தால் சூடு ஏறி மெழுகே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடி போட்டு அமுக்க வேண்டும். இதை மெழுகு உருக்கிக்கொண்டிருந்த அக்கா எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டார். உருகியதில் மெழுகைக் கெட்டியாக்கும் ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் மெழுகுவத்தி வளைந்துவிடும், அச்சிலிருந்தும் லேசில் கழன்று வராது.

அலுமினிய அச்சு இரண்டு பாதியாகத் திறக்கும். உள்ளே எண்ணெய் தடவி, திரிக்கான நூலை இழுத்துக் கட்டி, இறுக்கி மூடி ஊற்றுகிறார்கள். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும், அதனால் மறுபடியும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அச்சைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டு, மேலே வழிந்ததைக் கத்தியால் சீவித் திறந்தால் வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்கின்றன. சீவியதெல்லாம் திரும்பச் சட்டிக்கே போகிறது.

என்னைக் கேட்டால் உண்மையான கைத்திறன் திரியில்தான் இருக்கிறது. தடித்தால் புகை கக்கும், மெலிந்தால் உருகின மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடும். மழைக்காலத்தில் நூல் ஈரம் வாங்கிவிட்டால் எரியும்போது படபடவென்று வெடிக்கும், அதற்காகவே நூல்கண்டை அடுப்பங்கரையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"தம்பி, இங்க பாரு" என்று அக்கா எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைத்து, எழும்பிய வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினார். திரியைத் தொடாமலேயே தீ கீழே இறங்கிப் பற்றிக்கொண்டது! எரிவது மெழுகின் ஆவி, திரி அதை மேலே உறிஞ்சிக் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் இப்படிக் காட்டியதில்லை.

இவ்வளவு வேலைக்கும் கிடைக்கும் லாபம் ரொம்பக் குறைவு. கோயில் வாசலில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். வாங்கினால், ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் திரி கால் அங்குல நீளம் மட்டும் இருக்கும்படி வெட்டிவிட்டு ஏற்றுங்கள், கரி பிடிக்காது, நீண்ட நேரம் எரியும் என்று அக்கா சொல்லி அனுப்பினார்.