பங்குக் காலண்டரும் பொதுத்தேர்வு அட்டவணையும்

2024-25 கல்வியாண்டில் எங்கள் வீட்டில் பெரியவள் ப்ளஸ் டூ, சின்னவன் பத்தாவது. இரண்டு பேருமே கோயில் பிள்ளைகள். அவள் பாடகற்குழுவில், இவன் பூசைக்கு உதவி செய்யும் பீடச் சிறுவன். "இந்த ஒரு வருஷம் கோயில் வேலையெல்லாம் நிறுத்திடுங்க" என்று சொல்லாத சொந்தக்காரர் கடலூரில் இல்லை. நாங்கள் நிறுத்தவில்லை. அதற்காக எல்லாவற்றையும் அப்படியே நடக்க விட்டுவிடவும் இல்லை. எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்று எழுதுகிறேன். பொதுத்தேர்வுப் பிள்ளை இருக்கிற கிறிஸ்தவ வீடுகளுக்கு உபயோகப்படும்.

அந்த வருஷம் வெயிலால் பள்ளிக்கூடம் ஜூன் 10ஆம் தேதிதான் திறந்தது. அந்த வாரமே பங்குக் காலண்டரை, அதாவது எங்கள் கோயில் வட்டாரத்துப் பூசை, திருவிழாத் தேதிகள் இருக்கிற காலண்டரை, எடுத்து வைத்து உட்கார்ந்தோம். தேர்வுத் தேதியை அரசு அக்டோபரில்தான் சொன்னது. ஆனால் ப்ளஸ் டூ மார்ச் முதல் வாரம், பத்தாவது மார்ச் கடைசியில் என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம். ஈஸ்டர் தேதியோ எத்தனையோ வருஷம் முன்னாடியே தெரியும். 2025இல் ஏப்ரல் 20. ஆக, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் முழுக்கப் பரீட்சை என்று ஜூனிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இதில் எங்களுக்கு அதிர்ஷ்டம்தான். முந்தின வருஷம் பத்தாவது எழுதிய பிள்ளைகளுக்கு ஈஸ்டருக்கு முந்தின வியாழனான பெரிய வியாழன் அன்று ஆங்கிலம், ஈஸ்டருக்கு மறுநாள் கணக்கு. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. அந்த வருஷம் எழுதப்போகிற பிள்ளைகளின் பெற்றோர் இப்போதே ஒரு பார்வை பார்த்து வைப்பது நல்லது. புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அங்கே கணக்கே வேறு. பிப்ரவரி நடுவிலேயே தேர்வு தொடங்கிவிடும்.

எதை விடுவது என்பதற்கு நாங்கள் வைத்த அளவு இதுதான்: தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உறுதியாகத் தெரிகிற வேலை இருக்கலாம், இழுத்துக்கொண்டே போகிற வேலை வேண்டாம். ஞாயிறு பூசை, சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி, பீடப் பணி மூன்றும் இருந்தன. ஆண்டுவிழா நாடகம், இளைஞர் இயக்கப் பொறுப்பு, தெருவாரியாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் மூன்றும் போயின. அன்பியத்துக்கு நான் மட்டும் போனேன். உண்மையைச் சொன்னால், பூசை நேரத்தைத் தின்பதே இல்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் கணக்கில் வராமல் போகிறது. பெரியவர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி நடைப்பயணம். சென்னைப் பக்கமிருந்து காவி உடுத்தி வருகிற கூட்டம் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போகும். சித்தப்பா கூட்டத்தோடு தானும் நடப்பேன் என்று சின்னவன் ஒற்றைக்காலில் நின்றான். நடந்து போய் வந்து, கால் வீக்கம் வடிந்து உட்காருவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். அதனால் ரோட்டோரம் நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றுகிற வேலையைக் கொடுத்தோம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். திரும்பும்போது சரியாகிவிட்டான்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். கரெண்ட் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பெரியவள் ஒருநாள் கோயிலில் சோற்றுப் பொட்டலம் கட்டப் போனாள். அன்றைக்குப் "படி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழையில் பாதித்த பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஜனவரி 2க்குத் தள்ளிப்போனது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் வழக்கமாகப் பரீட்சை முடிந்து வருகிற கிறிஸ்துமஸ், இந்தத் தடவை பரீட்சைக்கு முன்னால் வந்து நின்றது.

இந்தப் பத்து நாளைத்தான் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் அன்பியத் தெருக்களுக்கு மட்டும். குடில் கட்ட ஒரே நாள், அதிலும் களிமண் பிசைந்து மலை செய்கிற வேலை வேண்டாம், பழைய காகித மலையே போதும் என்று முடிவு. தினமும் காலை ஐந்து முதல் எட்டு வரை புத்தகம். அந்த நேரத்தில் வீட்டில் பலகார வேலை கிடையாது. ஆயா கூட முறுக்குப் பிழிவதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். டிசம்பர் 31 நள்ளிரவுப் பூசையை விட மனசில்லை. அன்று மதியம் இரண்டு பேரையும் கட்டாயமாகத் தூங்க வைத்தோம். பூசை முடிந்ததும் நேராக வீடு, கேக் மறுநாள். ஜனவரி 1 முழுவதும் திருப்புதல் மட்டும், புதிதாக ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

நம் பிள்ளைகளுக்கென்றே பத்தாவது தமிழில் ஒரு குழி இருக்கிறது: தேம்பாவணிப் பாடம். "நமக்குத் தெரிந்த கதைதானே" என்று படிக்காமல் போவார்கள். பாடத்தில் வருவது தாய் எலிசபெத்து இறந்ததும் கருணையன் புலம்புகிற பகுதி. கருணையன் என்றால் திருமுழுக்கு யோவான். பைபிளில் இந்தக் காட்சியே கிடையாது, வீரமாமுனிவரின் கற்பனை. மறைக்கல்வியில் கேட்டதை வைத்து எழுதினால் யோர்தான் ஆறு, வெட்டுக்கிளி, காட்டுத்தேன் என்று விடை எங்கேயோ போய்விடும். சின்னவன் திருப்புதல் தேர்வில் அப்படித்தான் எழுதி வந்தான். அப்புறம் காடும் பறவையும் கருணையனோடு சேர்ந்து அழுவதை வரி வரியாகப் படிக்க வைத்தேன். தேம்பாவணியில் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட வேண்டும், ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஆகும். வீரமாமுனிவர் கட்டிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜனவரித் திருவிழாவுக்கு அந்த வருஷம் போகவில்லை.

மார்ச் 3 ப்ளஸ் டூ தமிழ். மார்ச் 5 தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன். 6 ஆங்கிலம். பெரியவள் ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாட்டு நோன்பு, இருப்பேன் என்றாள். இங்கே பெற்றோருக்கு ஒரு விஷயம். நோன்பு 18 வயது முடிந்தவர்களுக்குத்தான் கடமை. 14 முடிந்தவர்களுக்கு இறைச்சி தவிர்ப்பது மட்டும்தான். 17 வயதுப் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டும் என்று திருச்சபை கேட்கவே இல்லை. பங்குச் சாமியிடமே கேட்கச் சொன்னேன், அவரும் இதையேதான் சொன்னார். நாற்பது நாளும் மீன் வேண்டாம் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். கடலூர்க்காரிக்கு அது சின்னத் தியாகமில்லை. முட்டை, சுண்டல், தயிர் என்று நான் சமாளித்துக்கொண்டேன்.

பரீட்சை எழுதிவிட்டு வருகிற அன்று சாயங்காலம் மூளை எதையும் வாங்காது. வேதியியல் தேர்வு மார்ச் 21, வெள்ளிக்கிழமை. அன்று மாலை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கூட்டிப்போனேன். வினாத்தாளை மறந்து ஒரு மணி நேரம், வந்ததும் சாப்பாடு, தூக்கம். மறுநாள் காலையில் இயற்பியலைத் தெளிவாக எடுத்தாள். வீட்டில் இருந்திருந்தால் தோழிகளோடு போனில் ஒவ்வொரு வினாவுக்கும் விடை சரிபார்த்து அழுதிருப்பாள். சின்னவனுக்கு ஏப்ரல் 11 அறிவியல், 15 சமூக அறிவியல், நடுவில் 13 குருத்து ஞாயிறு. குருத்தோலைப் பவனி வெயிலில் நீளும் என்பதால் காலை முதல் பூசைக்கே அனுப்பிவிட்டோம். 15ஆம் தேதி மதியத்தோடு எல்லாம் முடிந்து, புனித வாரச் சடங்குகள் அத்தனையிலும் நின்றான். பரிசாக அவன் கேட்டதே அதுதான்.

மே 4, ஞாயிறு, நீட். மதியத் தேர்வு என்றாலும் ஒன்றரை மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். முந்தின நாள் மாலைப் பூசையே ஞாயிறு கடமைக்குச் செல்லும், அதற்குப் போய்விட்டால் மறுநாள் பதற்றமில்லை. சிலுவைச் சங்கிலி, ஜெபமாலை மோதிரம், பதக்கம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பிறந்ததிலிருந்து கழுத்தில் கிடந்ததை கேட்டில் நின்று கழற்றச் சொல்லும்போது பிள்ளை கலங்கிப்போகும்.

கடைசியாகப் பெயர் விவகாரம். பத்தாவது சான்றிதழில் அச்சாகிற பெயர்தான் இனி எல்லாவற்றுக்கும். பள்ளியில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்கக் கொடுக்கும்போது பிறப்புச் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியசாமி. அதற்கு ஆங்கிலத்தில் சி, கே எத்தனை விதமாகச் சேர்க்கலாமோ அத்தனை விதமும் எங்கள் வீட்டு அட்டைகளில் இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டிலோ பெரும்பாலும் தாத்தா பெயர், புனிதர் பெயர் என்று வேறு ஒன்று இருக்கும். சிறுபான்மைக் கல்லூரிகள் ஞானஸ்நானச் சான்றும் பங்குத்தந்தை கடிதமும் கேட்கும்போது இது தெரியவரும். இரண்டு பெயரும் ஒருவரே என்று கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். தலைச்சன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் அம்மா வீட்டுப் பங்கில் நடந்திருந்தால் சான்று அங்கேதான் கிடைக்கும். மே, ஜூனில் சாமியார்களுக்கு மாற்றல் வரும், புதியவர் வந்து பதிவேட்டைத் தேடுவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போய் வாங்கி, இரண்டு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.