தோப்பைத் தாண்டி ஓர் இணைப்பு: நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே சுமார் 250 மீட்டர் தென்னந்தோப்பு. பொள்ளாச்சிப் பக்கம் இது சகஜம்தான். ஆளுக்கொரு தோட்டம், தோட்டத்துக்குள் ஆளுக்கொரு சாளை (தோட்டத்து வீடு). இரண்டு வீட்டிலும் தனித்தனி பிராட்பேண்ட், வேறு வேறு நிறுவனம், கேபிள் வரும் ரோடும் வேறு. அதனால் ஒன்று போனாலும் இன்னொன்று பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா தனியாக இருக்கிறார். வாசல் கேமராவும் மோட்டார் ரூம் கேமராவும் அவர் வீட்டு ரெக்கார்டரில் பதிவாகின்றன. குடும்பப் போட்டோக்களும் நிலப் பத்திரங்களின் ஸ்கேனும் எங்கள் வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. இதெல்லாம் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்ச் சுற்றி வருவதற்கு, தோப்பைத் தாண்டினாலே போதுமே என்று ரொம்ப நாளாக நினைப்பு.

காப்பர் கேபிள் இழுக்க முடியாது. ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. தூரம் குறைவாக இருந்தாலும் நான் இழுக்க மாட்டேன். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி கரண்ட் கனெக்‌ஷன், தனித்தனி எர்த் குழி. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே உண்டாகும் மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாயும். ஃபைபருக்கு அந்தப் பயமில்லை, ஆனால் நடுவில் பங்காளி நிலம், வருஷா வருஷம் உழவு. ஆக, வயர்லெஸ் பிரிட்ஜ்: இரண்டு மாடியிலும் ஆளுக்கொரு ஆன்டெனா, கேபிளுக்குப் பதில் ரேடியோ அலை.

ஜூன் 14

மொட்டை மாடியில் நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் போயிற்று. முழுதாக வளர்ந்த மரங்களால் தொந்தரவே இல்லை; மட்டையெல்லாம் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் இருக்கிறது, நம் சிக்னல் அதற்குக் கீழே மரத்தண்டுகளுக்கு நடுவே போய்விடும். சிக்கல், சித்தப்பா புதிதாக வைத்த குட்டை ரகத்தில்தான். மட்டைகள் சரியாக நம் மாடி உயரத்தில் விரிந்திருக்கின்றன.

எதிர்வீடு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலைக்கு நேர்கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் வேண்டும், ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 250 மீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவழியில் அதன் ஆரம் ஏறக்குறைய 1.8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், காலியாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஆரம் 2.8 மீட்டர் ஆகிவிடும். தோப்புக்குள் அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும்?

"ரெண்டு மட்டையை வெட்டி விட்டர்லாமா கண்ணு?" என்று சித்தப்பாவே கேட்டார். "வேண்டாங்க சித்தப்பா, மரத்தைத் தொட வேண்டாம்" என்றேன். தென்னை 25 அடி இடைவெளியில் வரிசையாக நிற்கிறது. மாடியின் வடகிழக்கு மூலைக்கு நகர்ந்து பார்த்தால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே சித்தப்பா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிகிறது. நாலு தப்படி தள்ளி நின்றால் மரங்கள் அடைத்துக்கொள்கின்றன. பைப் நட வேண்டிய இடம் அந்த மூலைதான்.

ஜூன் 22

மாடியில் மாட்டும் வயர்லெஸ் கருவி, டிபி-லிங்க் சிபிஇ510, இரண்டு வந்துவிட்டன. 13 டிபிஐ (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறனின் அளவு) ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது, மின்சாரமும் நெட்வொர்க் கேபிளிலேயே ஏறிப் போகும். கூட வரும் சின்ன அடாப்டரில் இரண்டு வாய். பிஓஇ (கேபிள் வழி மின்சாரம்) என்று எழுதியிருக்கும் வாயில் 24 வோல்ட் எப்போதும் இருக்கும், அதில் லேப்டாப்பைச் செருகக் கூடாது. ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கேமராவுக்கும் போட்டோவுக்கும் அது தாராளம்.

மாடிக்கு ஏற்றும் முன் இரண்டையும் மேஜை மேல் வைத்து, பவரைக் குறைத்து, ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாகவும் (சிக்னல் கொடுப்பது) மற்றதை கிளையன்ட்டாகவும் (அதில் சேர்வது) பேச வைத்தேன். டபிள்யூடிஎஸ் என்ற கட்டத்தில் இரண்டு பக்கமும் டிக் போட்டாக வேண்டும். ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவே ஓடும் சாதாரண வைஃபை பிரேமில் (தரவுப் பொட்டலத்தில்) மூன்று முகவரிக்குத்தான் இடம். கிளையன்ட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கருவியின் முகவரியைச் சொல்ல அதில் இடமே இல்லை. டபிள்யூடிஎஸ் போட்டால் நான்காவது முகவரியும் சேர்ந்துகொள்ளும். அப்போதுதான் இந்த இணைப்பு உண்மையான கேபிள் போல நடந்துகொள்ளும்.

சேனல் 149, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் சிக்னல் கேட்டதாகக் கருவி நினைத்தால் உடனே சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. போர்ட்டே 100 என்னும்போது 40 மெகாஹெர்ட்ஸ் எடுத்து அக்கம்பக்கத்து அலைவரிசையை அடைப்பதும் நியாயமில்லை.

ஜூன் 29

தொட்டி ஸ்டாண்டில் ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை கிளாம்ப் போட்டு நிறுத்தி மாட்டியாயிற்று. கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டது. சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க விட்டிருக்கிறேன், மழைத் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

காகிதக் கணக்குப்படி சிக்னல் மைனஸ் 50 டிபிஎம் வர வேண்டும் (டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்). வந்தது மைனஸ் 54. மனசு நிறைந்துவிட்டது. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளை ஓட்டினால் 80 எம்பிபிஎஸ்ஸை ஒட்டி நிற்கிறது.

ஜூலை 6

இன்றைக்குத்தான் முக்கியமான வேலை. ஆன்டெனா இரண்டையும் அப்படியே இரண்டு வீட்டு ஸ்விட்சிலும் செருகினால் உடனே "வேலை செய்யும்". ஆனால் இரண்டு ரூட்டரும் ஐபி முகவரி கொடுக்கக் கிளம்பும். எந்த ரூட்டர் முந்துகிறதோ அதுதான் அந்த போனுக்கு வாசல். சித்தப்பாவின் டிவி காரணமே இல்லாமல் தோப்பைத் தாண்டி வந்து எங்கள் வீட்டு இணையத்தில் ஓடும். இணைப்பு அறுந்தால் அந்த டிவியும் நின்றுவிடும். இரண்டு வீடும் சேரட்டும், ஆனால் ஒன்றின் கோளாறு இன்னொன்றைத் தொடவே கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதனால் இரு வீட்டிலும் மோடத்துக்குப் பின்னால் ஒரு மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர். எங்கள் வீட்டு முகவரிகள் 192.168.10 என்று தொடங்கும், சித்தப்பா வீட்டில் 192.168.20. ஆன்டெனா செருகும் ஐந்தாவது போர்ட்டைத் தனியாகப் பிரித்து, ஒரு பக்கம் 10.10.10.1, மறுபக்கம் 10.10.10.2. நடுவில் இந்த இரண்டு முகவரி மட்டும்தான். அப்புறம் ஆளுக்கொரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது நாமே எழுதி வைக்கும் நிலையான வழி: 20க்குப் போக வேண்டியதெல்லாம் .2 வழியாக, 10க்கு வர வேண்டியதெல்லாம் .1 வழியாக. ஃபயர்வாலில் ரெக்கார்டருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் மட்டும் வழி.

இப்படிப் பிரித்தால் பக்கத்து வீட்டுப் பிரிண்டர் தானாகத் தலை காட்டாது, முகவரியை நாமே தட்ட வேண்டும். விண்டோஸ் கணினியில் ஃபைல் ஷேரிங் வைத்திருந்தால் அதன் ஃபயர்வால் வேறு சப்நெட்டிலிருந்து (வேறு முகவரி வரிசையிலிருந்து) வருவதைத் தடுக்கும், அதற்கும் தனியாக அனுமதி தர வேண்டும். சரி, இது ஒரு தடவை செய்கிற வேலை.

ஜூலை 20

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு தோப்பே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பைப் ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது, சிக்னல் மைனஸ் 54க்கும் 57க்கும் நடுவே மட்டும் அசைகிறது. இந்த ஆன்டெனாவின் கற்றை பக்கவாட்டில் 45 டிகிரி அகலம். கொஞ்சம் ஆடினாலும் எதிர்வீடு கற்றைக்குள்ளேயே இருக்கும். குறுகிய கற்றையுள்ள டிஷ் வைத்திருந்தால் இந்தக் காற்றுக்குத் திண்டாடியிருக்கும்.

தூறலில் நனைந்த மட்டை சிக்னலைக் கூடுதலாகக் குடிக்கும். அப்போதும் மைனஸ் 60ஐத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வீட்டு இணையம் செத்தால் மற்ற வீட்டு வழியில் போகும் ஏற்பாட்டை முடித்தேன். இது அவசரத்துக்கு மட்டும்தான், அன்றாடப் பங்கீட்டுக்கு வைக்கவில்லை.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. மோடத்துக்கு பிங் அடித்து (பதில் வருகிறதா என்று கேட்டு) பார்த்து முடிவு செய்தால் பயனில்லை. ரோட்டில் ஃபைபர் அறுந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் மோடம் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதனால் மோடத்தைத் தாண்டி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரி வரை எட்டுகிறதா என்று ரூட்டர் பார்க்கும்படி வைத்தேன். பத்து விநாடிக்கு ஒரு சோதனை, இரண்டு தடவை பதில் இல்லையென்றால் வழி மாறும்.

அக்டோபர் 18

காலையில் சித்தப்பா வீட்டுப் பக்கத்து ரோட்டில் குழி தோண்டும்போது ஃபைபர் அறுந்துவிட்டது. மதியம் அவரே போனில், "ஏங்கண்ணு, ரோட்டுல கேபிள் போச்சாமா, நம்முளுக்கு ஓடிட்டுத்தான இருக்குது?" என்றார். ரூட்டர் பதிவேட்டில் பார்த்தேன், வழி மாறியிருந்தது. கேமரா பதிவு ஒரு நொடிகூட விடுபடவில்லை. அது அவர் வீட்டுக்குள்ளேயே நடக்கிற வேலை.

ஐப்பசி இடி தொடங்கும் முன்பே இரண்டு மாடியிலும் கேபிள் நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து, அந்தந்த வீட்டு எர்த்தில் சேர்த்தாயிற்று. ரூட்டர் அமைப்புகளின் காப்பி இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பென்டிரைவில் இருக்கிறது. சித்தப்பா வீட்டு ரூட்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "நெட் நின்றால் எதையும் ஆஃப் செய்ய வேண்டாம். ஒரு நிமிஷம் பொறுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள்."