ஓய்வுக்கா, சிகிச்சைக்கா?

எந்த ஸ்பாவுக்குப் போகலாம் என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

உடம்பு அலுத்துப்போய் ஓய்வு வேண்டும் என்றால் சாதாரண ஸ்பா போதும். மசாஜ், நீராவி எல்லாம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும், மனசும் லேசாகும். "உடலின் நச்சை வெளியேற்றுகிறோம்" என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

மெடிக்கல் ஸ்பா வேறு விஷயம். அங்கே செய்யும் லேசர், கெமிக்கல் பீல் (ரசாயனம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது), போடாக்ஸ் (முகச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி), ஃபில்லர் (முகத்தில் பள்ளங்களை நிரப்ப ஊசியால் செலுத்தும் பொருள்) எல்லாம் மருத்துவச் சிகிச்சைகள். பெயரில் ஸ்பா இருப்பதால் பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஹயலூரானிக் அமில ஃபில்லர் என்றால், அதைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்து அங்கேயே தயாராக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மாநிறம், கறுப்புத் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். அது லேசர் ஒளியை உறிஞ்சுவதால் தீக்காயமும் கருந்திட்டும் வரும் வாய்ப்பு கூடுதல். முடி நீக்க, இப்படிப்பட்ட தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் (Nd:YAG) வகை லேசர்தான் பொதுவாகப் பாதுகாப்பானது. எந்த லேசர் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத இடம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கர்ப்பிணிகளும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்களும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவை எதையும் விசாரிக்காமல் பேக்கேஜ் விற்கிறார்களா? பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.